குறை கேட்க வந்தவர்

8 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மாலை நான்கு சொட்டு மழை, அதற்கே குவார்ட்டர்ஸில் கரண்ட் போனது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மெயின்டனன்ஸ் ஆபீசில் மறுபடி சொல்ல வேண்டும். சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

பழைய டைரி தீர்ந்துவிட்டது, இது புதிது. பெயர்களைச் சுருக்கித்தான் எழுதப் போகிறேன். தேன்மொழி தே., யாழினி யா. நாள் முழுக்க வெல்டிங் துப்பாக்கி பிடித்த கை, நீளமாக எழுத வராது.

யா.வுக்கு வரும் ஆவணியில் மூன்று வயது. குறைமாதத்தில் பிறந்தவள். இன்னும் தனியாக நிற்கவில்லை. பேச்சு ‘ம்மா’, ‘தா’ அவ்வளவுதான். ஆவடி கோவில்பதாகையில் இருக்கும் ஆரம்பநிலைப் பயிற்சி மையத்துக்கு வாரம் இரண்டு நாள் தே. தூக்கிக்கொண்டு போகிறாள். ஒன்றரை வருடமாக.

இன்று அங்கே ஒரு தாள் கொடுத்தார்களாம். ‘எங்கள் சேவை எப்படி?’ சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஐந்து பொம்மைகள். தே. எல்லாக் கேள்விக்கும் சிரிக்கிற முகத்துக்கே டிக்.

“எல்லாமே நல்லாவா இருக்கு?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“பிறகு?”

“புள்ளைய அவங்க கையில குடுத்துட்டு அவங்களையே எப்படிங்க குறை சொல்றது? அந்தக் கோவத்தைப் புள்ள மேல காட்டிட்டா?”

தண்ணீர் வரவில்லை என்று எஸ்டேட் ஆபீசரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவள் இவள். அவளுக்கே பயம். அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடலாமா என்று வேறு கேட்கிறாள்.


11 ஜூலை, வெள்ளி

வெயில். செகண்ட் ஷிஃப்ட் வாரம், அதனால் காலையில் வீட்டில். யா.வுக்கு இட்லி ஊட்டினேன். ஒன்று முடிப்பதற்குள் என் காபி ஆறிப்போனது.

மையத்திலிருந்து போன். ஹேமா மேடம், அதன் பொறுப்பாளர். பிசியோதெரபிஸ்ட். தே. ஸ்பீக்கரில் போட்டாள்.

“தேன்மொழி, எல்லாத் தாளும் சிரிக்குது. ஆனா வர்ற புள்ளைங்க குறைஞ்சுகிட்டே போறாங்க. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய். நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?”

தே. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்போதிருந்து வீடு பெருக்குகிறாள். ஃபேனைத் துடைக்கச் சொன்னாள், துடைத்தேன். திரைச்சீலையையும் கழற்றித் துவைத்தாயிற்று. பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்டேன். முறைத்தாள்.


12 ஜூலை, சனி

ஹேமா மேடம் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது இருக்கும். காட்டன் புடவை, காலில் ஷூ. கையில் பேப்பர், பேனா ஒன்றுமில்லை. நாற்காலி போட்டோம். அதில் உட்காராமல் யா. பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்துகொண்டார், ஹெல்மெட்டை ஓரமாக வைத்துவிட்டு.

மையம் எப்படி என்று கேட்பார், நாங்களும் நல்லாயிருக்கு என்று சொல்லி முடித்துவிடலாம் என்றிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“நேத்து காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க. எங்களைப் பத்தி வேணாம். உங்க நாளைப் பத்தி.”

தே. முதலில் கூச்சத்தோடு ஆரம்பித்தாள். தண்ணீர் பிடிப்பது, எனக்குச் சாப்பாடு கட்டுவது, யா.வுக்கு ஊட்டுவது. பிறகு நிற்கவில்லை. பஸ்ஸில் இவ்வளவு பெரிய பிள்ளையை ஏன் இடுப்பில் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறவர்கள். மாடிப்படி. உள்ளே பயிற்சி நடக்கும்போது சாத்தியிருக்கும் கதவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளை அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது. அப்புறம் வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சிகள்.

“வீட்ல செஞ்சீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க மேடம். செஞ்சேன்னு சொல்லுவேன். எல்லாம் செய்யல. முடியல. திட்டுவாங்கன்னு பொய் சொன்னேன்.”

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். இப்போது அறிவுரை வரும் என்று நினைத்தேன்.

“இப்படி ஒருநாள் உங்ககிட்ட யாரும் உக்காந்து கேட்டதில்லையா?”

“இல்ல மேடம்.”

“நானும் கேக்கல,” என்றார். அவ்வளவுதான்.

இதற்குள் யா. வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து அந்த ஹெல்மெட்டைப் பிடித்துவிட்டாள். முழங்கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மையத்துல இவ இப்படி நகர்ந்து நான் ஒருநாளும் பாக்கலையே.”

“வீட்ல இப்படித்தான் மேடம். கட்டில் அடிக்கெல்லாம் போயிடுவா.”

“அப்ப நாங்க பாக்கறது வேற புள்ளைய,” என்றார்.

டீயில் தே. சர்க்கரை கூடப் போட்டுவிட்டாள். அவர் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். போன பிறகு தே. கேட்டாள், “ரொம்பப் பேசிட்டனோ?” பிறகு அவளே, “அந்தம்மா இங்க இருந்த வரைக்கும் ஒரு தடவைகூட ‘ஆனா’ன்னு சொல்லலைங்க, கவனிச்சீங்களா?”

கவனித்தேன். நான் இந்த வீட்டில் எத்தனை ‘ஆனா’ சொல்கிறேன் என்றும் யோசித்தேன்.


15 ஜூலை, செவ்வாய்

ஃபேக்டரி கேன்டீனில் சாம்பாரில் உப்பு இல்லை. பைக்கில் பின் டயர் காற்று இறங்குகிறது.

மையத்தில் இன்று கதவு திறந்தே இருந்ததாம். அம்மாக்கள் எல்லாரும் உள்ளே. யா. தே.வைப் பார்த்துக் கொஞ்சம் சிணுங்கினாள், பிறகு சரியாகிவிட்டாள். இரண்டு பிள்ளைகள் மட்டும் அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லை.

கீர்த்தனாவின் முகம்தான் சரியில்லை என்கிறாள் தே. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், படித்து முடித்து வந்த முதல் வேலை இது. இத்தனை அம்மாக்கள் பார்க்க வேலை செய்வது பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்திருக்கும். தே.வுக்கு அவள் மேல் பாவமாகப் போய்விட்டது. “காட்ற படத்தைத் தலைகீழாக் காட்டுச்சுங்க. ஆனாலும் கதவைச் சாத்தல.”


19 ஜூலை, சனி

ஆடி பிறந்து முதல் சனி. தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர். மையத்தில் பெற்றோர் கூட்டம். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு நானும் போனேன். ஆண்கள் என்னோடு சேர்த்து மூன்றே பேர். மாடி ஏறும்போது யா.வைத் தூக்கியிருந்தேன், மூச்சு வாங்கியது. இவள் இதை வாரத்துக்கு இரண்டு முறை ஏறுகிறாள்.

மேடை கிடையாது. எல்லாரும் பாயில் வட்டமாக. கீர்த்தனாவும் எங்கள் நடுவில்.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி ரஹ்மத். வீட்டிலேயே தையல். வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. பையன் அயானுக்கு மூன்றரை வயது, காது கேட்கிறது, பேச்சு வரவில்லை. ரம்ஜானுக்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டவர். ஹேமா மேடம் நேரில் போய் இரண்டு முறை அழைத்திருக்கிறார்.

“திருவேற்காடு கோயில் கூட்டம் மேடம், ஷேர் ஆட்டோல ஏறவே முடியல,” என்றார் ரஹ்மத். பிறகு உட்காராமலே, “கூப்ட்டீங்க, வந்துகீறேன். நல்ல வார்த்தை கேக்கறதுக்குக் கூப்ட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க, போய்க்கினே இருக்கேன்.”

“குறை சொல்லத்தான் கூப்பிட்டேன் ரஹ்மத்.”

“அப்ப கேளுங்க. இத்தினி பேர் எதுர்ல இந்த கீர்த்தனா மேடம் சொன்னாங்க, அயானுக்கு வார்த்தையே இல்ல, முன்னேற்றம் ஜீரோன்னு. எம்புள்ளைக்குப் பேச்சு கீது. உங்களுக்குத்தான் புரியல. தண்ணி ஓணும்னா என் கழுத்தைத் தொடுவான். அவங்க அத்தா வண்டி சத்தம் கேட்டா என் காதைப் புட்ச்சி இழுப்பான். ஊட்ல யாராச்சும் கோவமா கீறாங்கன்னா போய் மூஞ்சியைத் தடவுவான். இதெல்லாம் ஜீரோவா? அன்னிக்கு பஸ்ல போம்போது முடிவு பண்ணேன், இனிமே இந்தப் படி ஏறக்கூடாதுன்னு.”

வெளியே ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. கீர்த்தனாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஹேமா மேடம் அவளுக்காகப் பரிந்து பேசவும் இல்லை, அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சும்மா காத்திருந்தார்.

கீர்த்தனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், “அக்கா, நான் உங்க வீட்டுக்கு வரலாமா? அவன் பேசறதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?”

ரஹ்மத் அயானை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். “வா. பைலு, பேனால்லாம் எட்துகினு வராத.”

முதலில் சிரித்தது ஹேமா மேடம். பிறகு எல்லாரும். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச்சு. காதில் விழுந்தது, நினைவிருக்கிற வரை:

“காலைல வெச்சா எங்க வீட்டுக்காரர் எப்படி வருவாரு? புள்ளைக்கு இன்னா செய்யறோம்னே அவருக்குத் தெரியாது.”

“வீடியோ அனுப்பறீங்க, பூரா இங்கிலீஷ்.”

“படி. படி. படி.”

“பக்கத்துப் புள்ள நடந்துடுச்சு, இவன் ஏன் நடக்கலன்னு கேக்காதீங்க மேடம்.”

“வெளில ஒரு ஃபேன் போடுங்க.”

தே.வும் பேசினாள். “பயிற்சிக்குன்னு தனியா நேரம் இல்ல மேடம். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது சேத்து செய்ற மாதிரி சொல்லிக் குடுங்க. அப்ப பொய் சொல்ல வேண்டி வராது.”

எல்லாவற்றையும் மேடமே கரும்பலகையில் எழுதினார். பலகை நிறைந்ததும் சுவரில் சார்ட் ஒட்டி அதிலும் எழுதினார்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வெல்டிங்கில் விரிசல் வந்தால் முதல் கேள்வி, யார் ஷிஃப்டில் நடந்தது? இங்கே அந்தக் கேள்வியே வரவில்லை. விரிசல் எங்கே என்று மட்டும் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பைக்கில் தே. சொன்னாள், “நிறுத்திடலாம்னு சொன்னேன்ல, அதை விடுங்க.” சரி என்றேன். சந்தோஷத்தில் சிக்னலைத் தாண்டிப் போய்விட்டேன், நல்லவேளை போலீஸ் இல்லை.


24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படையல். வாழைக்காய் விலை கேட்டு தே. திட்டினாள், வாங்கியும் வந்தாள்.

யா.வைக் குளிப்பாட்டும்போது இப்போது வாளியின் விளிம்பைப் பிடிக்க வைத்து முழங்கால் போட வைக்கிறாள். மேடம் சொல்லிக் கொடுத்தது. தண்ணீர் அடித்து விளையாடுவதில் யா. அது பயிற்சி என்பதையே மறந்துவிடுகிறாள். தே.வும் மறந்துவிடுகிறாள்.

ரஹ்மத் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அக்கா, அந்தப் பொண்ணு வந்துச்சு. மொத நாளு சும்மா உக்காந்துகினு அவனையே பாத்துச்சு. நேத்து கெளம்பும்போது அயான் அது வளையலைப் புட்ச்சி இழுத்தான். ‘இதுக்கு இன்னாக்கா அர்த்தம்’னு கேக்குது. ‘போவாத, இரு’ன்னு சொல்றான்னேன். அப்படியே அழுதுட்ச்சிக்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்ச்சி. பிரியாணி சாப்ட்டுட்டுதான் போச்சு.”

வீட்டுச் சொம்பு, அத்தாவின் வண்டி, கதவு என்று எல்லாவற்றையும் கீர்த்தனா போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். கழுத்தைத் தொடுகிறவன் இப்போது சொம்புப் படத்தையும் தொடுகிறானாம். செவ்வாய்க்கிழமை மையத்துக்கு வருகிறார்கள்.

அத்தனை பேர் முன்னால் பேச்சு வாங்கிய பெண், மறுவாரமே அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்குமா, தெரியவில்லை.


29 ஜூலை, செவ்வாய்

காலை ஷிஃப்ட். மதியம் வீட்டுக்கு வந்தபோது தே. சாப்பிடாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்கு அவ்வளவு இருந்தது.

மையத்தை நடத்தும் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இதை மூடி நகரத்துக்குள் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடலாமா என்று யோசனை. இது எங்களுக்கு இன்றுதான் தெரியும். ஹேமா மேடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வீடு வீடாகப் போய்க் குறை கேட்டிருக்கிறார். மூடிவிட்டால் யா.வை அவ்வளவு தூரம் யார் தூக்கிக்கொண்டு போவது?

மேடம், தே.வையும் ரஹ்மத்தையும் வந்தவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைத்திருக்கிறார். கண்ணாடி போட்ட அதிகாரி, “பேரன்ட்ஸ் வெளிய வெயிட் பண்ணட்டுமே,” என்றாராம்.

“அவங்க இல்லாம இந்தக் கூட்டம் இல்ல சார்.”

அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “குடும்பங்கள் எல்லாம் திருப்தின்னு இதுல இருக்கு. பிறகு எதுக்கு இவ்ளோ பெரிய குறைப் பட்டியலை நீங்களே குடுக்கறீங்க?”

“அது பயந்து எழுதினது சார். இது நம்பிச் சொன்னது.”

தே. இதைச் சொல்லும்போது மேடம் மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து சொன்னாள். சோறு தட்டிலேயே காய்ந்தது.

“இவ்ளோ குறை இருந்தா மையம் சரியில்லன்னுதானேம்மா அர்த்தம்?” என்று அதிகாரி தே.வைப் பார்த்தே கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்லைங்க. வரணும்னு ஆசை இருக்கறவங்கதான் சார் குறை சொல்லுவாங்க, வேணாம்னு நெனச்சவங்க பேசாம நின்னுட்டாங்க, அப்படின்னேன். ரஹ்மத்தைக் காட்டி, நின்னவங்களே திரும்பி வந்திருக்காங்க சார்னேன்.”

ரஹ்மத் தன் பங்குக்கு, “மூடிட்டா நான் எங்க போயி சண்டை போடுவேன் சார்?” என்றாராம். அதிகாரியே சிரித்துவிட்டார். முடிவு சனிக்கிழமை சொல்வார்கள்.

எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. சனிக்கிழமை வரட்டும்.


2 ஆகஸ்ட், சனி

மழை மேகம், மழை இல்லை. குழாய் ஒருவழியாகச் சரியானது.

மாலை மையத்தில் ஹேமா மேடம் எல்லாரையும் உட்கார வைத்து, கிடைக்காததை முதலில் சொன்னார். கீழ்த்தளத்தில் இடம் கிடைக்கவில்லை. வேன் கிடையாது. “படி இன்னும் இருக்கு. அதை நான் மறக்கல.”

பிறகு கிடைத்தது. மையம் மூடவில்லை, அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள். சனிக்கிழமை மாலை அப்பாக்களுக்கு வகுப்பு. பூந்தமல்லியில் வாரம் ஒருநாள், ரஹ்மத்தின் வீட்டுக்காரர் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில். வீடியோ இனிமேல் தமிழில். அம்மாக்களில் இரண்டு பேர் மாதாமாதம் கூட்டத்தில். தே. பெயரை யாரோ சொன்னார்கள். அவள் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே, “எந்த நாள் கூட்டம்?” என்று கேட்டாள்.

இன்றே முதல் அப்பா வகுப்பு. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அந்த அறைக்குள் நான் ஒரு வேலைக்காகப் போனேன். பாய், பந்துகள், நிற்கப் பழகும் கம்பி. யா.வைக் கம்பி பிடிக்க வைத்தேன், உடனே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி, மறுபடி உட்கார்ந்தாள்.

கீர்த்தனா கேட்டாள், “சார், அவளுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?”

“ரயில்,” என்றேன். லீவு நாளில் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பைக்கில் கூட்டிப்போவது எனக்கும் யா.வுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். “ஷெட்டுக்குப் போற வண்டி வந்தா மடியில இருக்க மாட்டா, துள்ளுவா.”

“இதை ஏன் சார் இவ்ளோ நாள் சொல்லல?”

“யாரும் கேக்கலம்மா.”

அவள் ஹேமா மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேடம், “நாளைக்கு உனக்கு லீவு ஆச்சே,” என்றார். “பரவால்ல மேடம், ஸ்டேஷனுக்கே போயிடலாம்,” என்றாள் கீர்த்தனா.


3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம், மூன்றும் ஒரே டிபன் கேரியரில். தே. கீர்த்தனாவுக்கும் சேர்த்துக் கட்டினாள்.

நாலரைக்கெல்லாம் அண்ணனூர். வெயில் சாய்ந்து நல்ல காற்று. பிளாட்பாரத்தில் கூட்டமில்லை. கீர்த்தனா எங்களுக்கு முன்பே வந்து எந்த பெஞ்ச் உயரம் சரி என்று பார்த்து வைத்திருந்தாள். யா.வுக்குக் காலில் கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் மாட்டி, பெஞ்சைப் பார்த்து முழங்கால் போட வைத்தோம்.

“தூக்காதீங்க சார். இடுப்புல மட்டும் கை. அவளே எழட்டும்.”

ஆவடிப் பக்கமிருந்து ஒரு வண்டி. ஹாரன் கேட்டதும் யா.வின் உடம்பு முழுக்க விறைத்தது. இரண்டு கையும் பெஞ்சில். ஒரு கால் ஊன்றினாள். சறுக்கியது. என் கை தானாக மேலே போனது, கீர்த்தனா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். மறுபடி ஊன்றினாள். இன்னொரு கால். எழுந்துவிட்டாள். எழுந்து, பெஞ்சுக்கு மேலே முகம் தெரிய, வருகிற வண்டியைப் பார்த்துக் கத்தினாள்.

என் கையில் அவள் எடை இல்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை அவள் இடுப்பில்தான் இருந்தது. எடை மட்டும் இல்லை.

வண்டி வந்தது, நின்றது, போனது. யா. உட்காரவில்லை. வண்டி போன திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. கீர்த்தனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தே. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் பெஞ்சில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எங்களைப் பார்த்து, “இன்னா சார், வண்டியை உட்டுட்டீங்களே. அடுத்தது வர லேட்டாவும்,” என்றார்.

தே. தலைப்பை எடுத்தாள். “இருக்கட்டும்க்கா. நாங்க நிக்கத்தான் வந்தோம்.”